கை எட்டாத அடிப்பாகம்: படகு வைத்திருப்போர் கேள்வி – பதில்

மலேசியா, பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் ஜெட்டியிலிருந்தும் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்தும் இந்த மாதம் வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: படகின் அடிப்பாகத்தில் கண்ணுக்குத் தெரியாத, கைக்கு எட்டாத மூலைகள். பைபர் சம்பான் வைத்து ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடுகிறவர்களும் கேட்டிருக்கிறார்கள், மரப்படகில் பிழைப்பு நடத்துகிறவர்களும் கேட்டிருக்கிறார்கள். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: வணக்கம் ஐயா. என்னுடையது 18 அடி பைபர் படகு. மூன்று மாதத்திற்கு ஒருமுறை டிரைலரில் ஏற்றி நன்றாகச் சுரண்டி, வருடத்திற்கு ஒருமுறை அடிப்பெயின்டும் அடிக்கிறேன். ஆனாலும் தெரித்திப் திரும்பத் திரும்ப அதே இடங்களில்தான் வந்து ஒட்டுகிறது. மற்ற இடமெல்லாம் சுத்தமாக இருக்கிறது. அது ஏன்?
– ஜெண்டராட்டா தோட்ட வாசகர்

பதில்: உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது ஐயா. சுரண்டும்போது கை எட்டாத இடம் எதுவோ, பெயின்ட் அடிக்கும்போது பிரஷ் எட்டாத இடமும் அதுதான். தெரித்திப், தமிழ்நாட்டு மீனவர் வாயில் கொட்டலசு (ஆங்கிலத்தில் பார்னக்கிள்; கீழே சிப்பி என்று சொல்வதும் இதைத்தான்), குஞ்சாக இருக்கும்போது நீரில் மிதந்து திரியும். ஒட்ட இடம் தேடும் பருவத்தில் செம்பு கலந்த பெயின்டைத் தொட்டால் பெரும்பாலும் விலகிப் போய்விடும். கட்டைவிரல் அகலத்திற்குப் பெயின்ட் விட்டுப்போயிருந்தால் போதும், அங்கே உட்கார்ந்து சிமென்ட் போன்ற பசையைக் கக்கி ஒட்டிக்கொள்ளும். முதலில் வந்தது ஒட்டிய இடத்தையே அடுத்து வருவதும் தேடும். அதனால்தான் அவை எப்போதும் கும்பலாக இருக்கின்றன.

டிரைலரில் நிற்கும் படகில் விட்டுப்போகும் இடங்கள் எங்களுக்குத் தெரிந்து ஆறு. டிரைலர் உருளையும் தாங்கு பலகையும் தொடும் பகுதி. படகின் அடியில் நடுவே நீளமாக ஓடும் ஏராக்கட்டையின், ஜெட்டியில் சொல்கிற லூனாஸின், கீழ்முகம். பின்பலகையில் எஞ்சின் பிராக்கெட்டுக்கு அடியில் உள்ள இடுக்கு. தண்ணீர் வடிக்கும் அடைப்பானின் ஓட்டை விளிம்பு. மீன் காட்டும் கருவியின் சென்சாருக்குப் பின்பக்கம். கடைசியாக, படகின் பக்கமும் அடியும் சேரும் மடிப்பில் வார்ப்பில் எழும்பி நிற்கும் வரிகளின் உள்மூலை. இந்த மூலைதான் பலரை ஏமாற்றும். நின்று பார்த்தால் தெரியாது. தரையில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்தால்தான் தெரியும்.

செய்ய வேண்டியது இது. முதல் கோட் காய்ந்ததும் படகை டிரைலரில் ஒரு அடி பின்னுக்கு நகர்த்துங்கள். உருளைகள் மறைத்திருந்த இடம் வெளியே வந்துவிடும். அதைச் சுரண்டி, தேய்த்து, அதற்கும் இரண்டு கோட் கொடுங்கள். நீளத் தாங்கு பலகை உள்ள டிரைலரில் பின்னுக்கு நகர்த்தினாலும் பலகையின் கோடு மறைந்தேதான் இருக்கும். அப்போது ஒரு பக்கத்தை ஜாக்கியால் இரண்டு அங்குலம் தூக்க வேண்டும். ஜாக்கியின் தலையை நேராகப் பைபரில் வைக்காதீர்கள், ஒரு புள்ளியில் பாரம் இறங்கி வார்ப்பு விரியும். இரண்டு அங்குலக் கனக் கட்டையின் மேல் பழைய கார்பெட் துண்டைப் போட்டு, உள்ளே குறுக்குத் தடுப்போ நீளச் சட்டமோ ஓடும் இடத்திற்கு நேர் கீழே வையுங்கள். தூக்கிய பிறகு அடியில் கட்டை அடுக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் தலையை நுழைக்கக்கூடாது.

பெயின்ட் கணக்கு: நீளம் 5.5 மீட்டர், அகலம் 1.8 மீட்டர், இரண்டையும் பெருக்கி 0.85ஆல் பெருக்கினால் ஏறக்குறைய எட்டரை சதுர மீட்டர். ஒரு கோட்டுக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொண்டால் இரண்டு கோட்டுக்கு இரண்டு லிட்டர். அரை லிட்டர் கூடுதலாக வாங்கி முன்மூக்கு, நீர்க்கோடு, மடிப்பு வரி, பின்பலகை ஆகிய இடங்களுக்கு மட்டும் மூன்றாவது கோட் கொடுங்கள். தண்ணீர் வேகமாக உரசும் இடங்களில் பெயின்ட் முதலில் தேய்ந்துபோகும்.

கேள்வி: தெரித்திப்பை எப்போது சுரண்டுவது நல்லது? காய்ந்தபிறகு தானாக உதிரும் என்கிறார்களே?

பதில்: தவறு. தண்ணீரை விட்டு எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் சுரண்டுங்கள். பாசி அப்போது வழவழப்பாக வழுக்கிக்கொண்டு வரும், சிப்பியும் உயிரோடு ஈரமாக இருக்கும்போது தட்டினால் முழுசாகக் கழன்றுவிடும். இரண்டு நாள் வெயிலில் விட்டால் பாசி சாணி வறட்டி போல இறுகி, அதைத் தேய்ப்பதிலேயே பாதிப் பெயின்டும் போய்விடும். சிப்பி செத்து மேலோடு உடையுமே தவிர, அடித்தட்டு பைபரில் அப்படியே ஒட்டியிருக்கும்.

கத்தி பிடிக்கும் விதமும் முக்கியம். பிளாஸ்டிக் சுரண்டியை மேற்பரப்போடு ஒட்டினாற்போலப் படுக்கவைத்து, சிப்பியின் அடிவிளிம்பில் நுழைத்துத் தள்ளுங்கள். செங்குத்தாகப் பிடித்துக் குத்தினால் மேலே கூம்பு மட்டும் நொறுங்கும். இரும்புச் சுரண்டிதான் கையில் இருக்கிறது என்றால் அதன் இரு மூலைகளையும் அரத்தால் உருட்டிக்கொள்ளுங்கள். ஜெல்கோட்டில், அதாவது பைபரின் பளபளப்பான மேல்பூச்சில், கோடு விழுவது எப்போதும் மூலையால்தான்.

கேள்வி: அப்பாவின் கித்தா (ரப்பர்) தோட்டத்தில் பால் உறைய வைக்கும் பார்மிக் ஆசிட் ஒரு தோம்பு (கலன்) மிச்சம் இருக்கிறது. சுரண்டியபின் நிற்கும் வெள்ளை வளையங்களை அதை ஊற்றிக் கரைக்கலாமா? எட்டாத இடங்களுக்குத் தோட்டத்து மருந்துப் பம்பால் அடித்தால் வேலை சுலபம் என்று தம்பி சொல்கிறான்.
– தெலுக் இந்தான் பக்கத்து வாசகி

பதில்: அம்மா, இரண்டும் வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் ஆசிட் கரைக்காது என்று சொன்னால் அது பொய். அந்த வெள்ளை வளையம் சுண்ணாம்புதான். பார்மிக் ஆசிட் பட்டால் சுர்ரென்று நுரைத்துக் கரையும். வேலை நடக்கும். சிக்கல் அந்த ஆசிட் வேறு எதையெல்லாம் தொடுகிறது என்பதில் இருக்கிறது.

பாலுக்கு ஊற்றும்போது அதைத் தண்ணீரில் நிறையக் கலந்துதான் ஊற்றுவீர்கள். தோம்பில் இருப்பதோ கெட்டி ஆசிட். தோலில் பட்டால் கொப்பளிக்கும், ஆவி கண்ணையும் மூச்சையும் எரிக்கும். படகின் அடியில் மல்லாந்து படுத்து மேலே பார்த்துக்கொண்டு வேலை செய்யும்போது சொட்டுவது உங்கள் முகத்தில்தான். அடுத்தது டிரைலர். அதன் மேல் பூசியிருக்கும் துத்தநாகத்தை ஆசிட் தின்றுவிடும், ஒரே மழைக்காலத்தில் துரு பூக்கும். மூன்றாவதாக, அடிப்பெயின்டில் உள்ள செம்புத் தூளையும் அது கரைத்து எடுத்துவிடும். வளையம் போன இடத்தில் பெயின்ட் செத்திருக்கும், அங்கேயே புதுச் சிப்பி வந்து உட்காரும்.

வளையத்திற்குச் சமையலறைப் பொருளே போதும். சாதாரண வெள்ளை வினிகர், அல்லது கேக் சாமான் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் தூள் 100 கிராமை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்தது. பழைய துணியை அதில் நனைத்து வளையத்தின் மேல் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் பையை வைத்து மறைநாடாவால் மூடுங்கள். ஈரம் காயாமல் 20 நிமிடம் நின்றால் சிறுசிறு குமிழ் வருவது தெரியும். துணியை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் சுரண்டியால் தள்ளுங்கள். வராவிட்டால் இன்னொரு தடவை, அவ்வளவுதான். எட்டாத மூலைக்குத் துணிதான் சரியான கருவி. அது திணித்த இடத்தில் நிற்கும், மருந்துத் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். முடிந்ததும் நல்ல தண்ணீரால் தாராளமாகக் கழுவுங்கள்.

எந்த ஆசிட்டோடும் குளோராக்ஸ் (ப்ளீச்) கலக்கக்கூடாது. பாசிக்குக் குளோராக்ஸ், சிப்பிக்கு வினிகர் என்று ஒரே வாளியில் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். படகுக் கொட்டகை போன்ற மூடிய இடத்தில் அது ஆளையே சாய்க்கும்.

பம்ப் விஷயம்: களைமருந்து அடித்த பம்பை எத்தனை தடவை கழுவினாலும் ரப்பர் வளையத்திலும் குழாயிலும் மருந்து தங்கும். பராகுவாட் களைமருந்துக்கு மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஆனால் லயத்து மூலையில் கிடக்கும் பழைய பம்பில் அதற்கு முன் என்ன ஊற்றினார்கள் என்று யாருக்குத் தெரியும்? வேண்டுமென்றால் ஹார்ட்வேர் கடையில் இரண்டு லிட்டர் கைப்பம்ப் புதிதாக ஒன்று வாங்கி, அதில் "படகுக்கு மட்டும்" என்று எழுதி வையுங்கள்.

கேள்வி: 28 அடி மரப்படகு. மேலே ஏற்ற ஸ்லிப்வே வாடகை கட்டுப்படியாகவில்லை. ஆற்றோரம் வற்றில் தரைதட்டி வைத்துச் சுத்தம் செய்கிறோம். ஆனால் லூனாஸ் சேற்றில் புதைந்துவிடுவதால் அதன் அடியைப் பார்க்கவே முடியவில்லை. போன தடவை படகு இரண்டு நாள் எழும்பவும் இல்லை.
– ஊத்தான் மெலிந்தாங் வாசகர்

பதில்: அண்ணே, இரண்டாவது பிரச்சினையை முதலில் பேசுவோம், அதுதான் ஆபத்தானது. நம் மேற்குக் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்று. ஒரு வற்றுக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். பௌர்ணமி, அமாவாசை ஒட்டிப் பெரிய ஏற்றம், அஷ்டமி ஒட்டிச் சின்ன ஏற்றம், இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. பலர் தவறவிடுவது என்னவென்றால், மிகப் பெரிய ஏற்றம் பௌர்ணமி அன்றே வருவதில்லை, ஓரிரு நாள் தள்ளித்தான் வரும். அந்த உச்சத்திற்குப் பிறகு ஏற்றம் நாளுக்கு நாள் குறையும். உச்ச ஏற்றத்தில் கரைமேல் தள்ளி நிறுத்திவிட்டால் அடுத்து வரும் எந்த ஏற்றமும் அந்த உயரத்தைத் தொடாது. படகு அடுத்த அமாவாசை வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான். உங்கள் படகு இரண்டு நாளில் எழும்பியதே நல்ல காலம்.

ஆகவே பௌர்ணமிக்கோ அமாவாசைக்கோ இரண்டு நாள் முன்பே, ஏற்றம் வளர்ந்துகொண்டிருக்கும்போதே தரைதட்டுங்கள். அதிலும் ஏற்றத்தின் உச்சியில் வேண்டாம், தண்ணீர் திரும்பி ஒன்றரை மணி நேரம் போனபின் தட்டட்டும். அப்படியானால் அடுத்த ஏற்றம் நிச்சயமாகத் தூக்கும். நேரத்திற்கு தேசிய ஹைட்ரோகிராபி மையம் வெளியிடும் அட்டவணையைப் பாருங்கள். ஆனால் அதில் உள்ள இடத்திலிருந்து ஆற்றுக்குள் எவ்வளவு தூரம் உள்ளே இருக்கிறீர்களோ அவ்வளவு தாமதமாக வற்று உங்களிடம் வரும். ஜெட்டித் தூணில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஒரு நாள் பார்த்துக்கொண்டால் உங்கள் இடத்திற்கான கணக்கு கைக்கு வந்துவிடும்.

இனி லூனாஸ். சேற்றில் எப்படி வைத்தாலும் புதையும். தண்ணீர் இறங்கியிருக்கும் முந்தைய வற்றிலேயே இரண்டு கனத்த கட்டைகளைக் குறுக்கே போட்டு வையுங்கள். பாகான் டத்தோ பக்கம் தென்னந்தண்டு மலிவாகக் கிடைக்கும், அடிப்பகுதித் துண்டு நல்ல இறுக்கம். படகின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஒன்றும், மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் ஒன்றும் வரும்படி வைக்கலாம். ஏற்றத்தில் மிதந்து போகாமல் இருபுறமும் முளை அடித்துக் கட்டுங்கள். முளையின் தலை கட்டையின் மேல்மட்டத்தைத் தாண்டி நிற்கக்கூடாது, படகு அதன்மேல் இறங்கினால் பலகை குத்துப்படும். கட்டைகள் இருக்கும் இடத்தை நீரில் தெரியும்படி நீளக் கம்பு நட்டு அடையாளம் வையுங்கள். படகு கட்டைமேல் உட்கார்ந்ததும் லூனாஸின் அடியில் கை நுழையும் அளவு இடைவெளி கிடைக்கும். கட்டை தொடும் இரண்டு இடமும் மறைந்திருக்கும் அல்லவா? அடுத்த ஏற்றத்தில் படகை முக்கால் மீட்டர் முன்னுக்கு இழுத்து மறுபடி உட்கார வையுங்கள்.

சாய்வுக்கும் ஒரு விதி உண்டு. படகு எப்போதும் கரைப்பக்கம், அதாவது மேட்டுப்பக்கம் சாய வேண்டும். தண்ணீர் இறங்கத் தொடங்கும்போதே 25 லிட்டர் தோம்பு நான்கில் தண்ணீர் நிரப்பி மேட்டுப்பக்க ஓரத்தில் வைத்தால் 100 கிலோ பாரம் கிடைக்கும். கயிற்றையும் மேட்டுப்பக்கம் கட்டுங்கள். ஆற்றுப்பக்கம் சாய்ந்துவிட்டால் சேறு வயிற்றை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் ஏறும்போது படகு எழும்புவதற்கு முன்பே ஓரப்பலகை தாண்டித் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். சாய்ப்பதற்கு முன் பாட்டரியை இறக்கி வையுங்கள், எரிபொருள் தொட்டியின் காற்றுக் குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

ஒரு வற்றில் கிடைக்கும் வேலை நேரம் சுமார் நான்கு மணி. படகு சாய்ந்தபின் ஒரு பக்கம்தான் முழுதாகத் தெரியும். மறுபக்கத்துக்கு இன்னொரு நாள். ஒரே நாளில் இரண்டையும் முடிக்கப் பார்த்தால் இரண்டுமே அரைகுறையாக நிற்கும். நான்கு மணியில் முதல் ஒரு மணி சுரண்டலுக்கு, அடுத்தது கழுவலுக்கு. மிச்சத்தில் பலகை இடுக்கைச் சோதித்துத் திட்டுப் பெயின்ட் அடிக்கலாம். தண்ணீரில் இறக்கும் முன் எத்தனை மணி காய வேண்டும் என்று டின்னில் எழுதியிருக்கும். அது மிச்ச நேரத்துக்குள் அடங்காத பெயின்ட் என்றால் வற்றில் அடிப்பது காசைச் சேற்றில் கரைப்பது. மரத்தில் பெயின்ட் விட்ட இடம் பைபரை விட மோசம். தெரித்திப் மேலே உட்காரும், மரம் துளைக்கும் கப்பல் புழுவோ ஊசித்துளையில் நுழைந்து உள்ளே வளரும். வெளியே ஒரு பொட்டுதான் தெரியும், உள்ளே பலகை தேன்கூடாகியிருக்கும். லூனாஸின் அடியை ஒவ்வொரு தடவையும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: மரப்படகுக்கு வாட்டர் ஜெட் போடலாமா?

பதில்: பாசிக்கு மட்டும், தூரத்திலிருந்து. விசிறியாய்ப் பரவும் முனை மாட்டி, ஒரு அடிக்குக் குறையாமல் தள்ளிப் பிடித்து, பலகையின் நீளவாக்கிலேயே ஓட்டுங்கள். பலகை இடுக்குக்குக் குறுக்கே நேராக அடித்தால் உள்ளே அடைத்த பாக்காலும் (நார்) டாமாரும் (மரப்பிசின்) துணுக்குத் துணுக்காகப் பறக்கும். அன்றைக்குத் தெரியாது, இரவு ஏற்றத்தில் தெரியும். பைபருக்கும் ஒற்றைக் கோடாய்ப் பீய்ச்சும் முனை வேண்டாம், ஜெல்கோட்டில் ஏற்கெனவே மயிரிழை வெடிப்பு இருந்தால் அதைப் பிளந்துவிடும். ஜெட்டியில் மின்சாரம் இழுக்கிறவர்கள் 30 மில்லிஆம்பியர் இஎல்சிபி (மின்கசிவு துண்டிப்பான்) இல்லாமல் இழுக்காதீர்கள். ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்கும் ஆளுக்கு அதுதான் காவல்.

கேள்வி: தூக்காமல், தரைதட்டாமல், மிதந்தபடியே அடியைத் தேய்க்க வழி உண்டா? தண்ணீரில் இறங்கப் பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானது. பெர்ணம் ஆற்றில் கை நீட்டினால் விரல் தெரியாது, இழுப்பு அதிகம், முதலை நடமாட்டமும் உண்டு. அடியில் இறங்காதீர்கள்.

பழைய இழுவலைத் துண்டு ஒன்று எடுங்கள். அகலம் இரண்டு அடி, நீளம் படகைச் சுற்றி வரும் அளவு. நடுவில் ஒரு சின்னச் சங்கிலித் துண்டைத் தைத்தால் மூழ்கும். முன்மூக்கு வழியாக அடியில் விட்டு, பக்கத்துக்கு ஒருவராக நின்று மரம் அறுப்பது போல இழுங்கள். ஒரு இடத்தில் இருபது இழுப்பு, பிறகு ஒரு அடி பின்னுக்கு. வலையின் முடிச்சுகள்தான் தேய்க்கின்றன. எஞ்சின் நின்றிருக்க வேண்டும், சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்க வேண்டும். பின்பலகைக்கு மூன்றடி முன்பே நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் சென்சாரையோ அனோடையோ (தான் கரைந்து மற்ற உலோகத்தைக் காக்கும் கட்டி) கிப்பாஸையோ (எஞ்சின் சுழற்றும் விசிறி) வலை கொக்கி போட்டு இழுக்கும்.

இது வழவழப்புப் பாசிக்கும் இளம் சிப்பிக்கும் மட்டுமே. கடுகளவு இருக்கும்போது போகும், கொண்டைக்கடலை அளவு ஆனபின் வலைதான் கிழியும். ஆகவே மாதம் ஒருமுறை. கரைந்து கரைந்து வேலை செய்யும் ரகப் பெயின்ட் அடித்தவர்கள் வலைக்குப் பதில் கார்பெட் துண்டு பயன்படுத்துங்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் பெயின்ட் கொஞ்சம் போகும்.

நீர்க்கோட்டை ஒட்டிய இடத்துக்குத் தோட்டத்தில் கழித்துப்போட்ட அலுமினியக் குலைவெட்டுக் கம்பில் ஒன்றரை மீட்டர் துண்டு வெட்டி, நுனியில் தரைதேய்க்கும் பிரஷை வளைத்துக் கட்டினால் போதும்.

கேள்வி: சுக்கானுக்கும் படகின் அடிக்கும் நடுவே உள்ள இடைவெளியில் கத்தி நுழையவில்லை. சுக்கான் இறுகிப்போகிறது.

பதில்: எட்டு மில்லிமீட்டர் நைலான் கயிற்றில் ஒரு விரற்கடைக்கு ஒரு முடிச்சுப் போட்டு, பல் இடுக்கில் நூல் விடுவது போல விட்டு அறுங்கள். பிடிவாதமான சிப்பிக்கு இரும்பறுக்கும் வாள் பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு தள்ளலாம், ஆனால் சுக்கான் தண்டில் உரசாமல். அங்கேயே குனிந்திருக்கும்போது கிப்பாஸ் தண்டின் ரப்பர் பேரிங்கையும் பாருங்கள். அதன் உள்ளே நீளவாக்கில் ஓடும் பள்ளங்கள் தண்ணீர் போவதற்கானவை. படகு மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் அதற்குள்ளும் சிப்பி வளர்ந்து தண்டை அரிக்கும். ஈர்க்குச்சியால் ஒவ்வொரு பள்ளமாகக் குத்தி எடுங்கள். கிரீஸ் தடவ வேண்டாம், அந்தப் பேரிங்குக்கு எண்ணெய் தண்ணீர்தான்.

கேள்வி: 40 குதிரைச்சக்தி அவுட்போர்ட். பின்பக்கம் பீய்ச்சும் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. மேலே எல்லாம் சுத்தமாகத்தான் இருக்கிறது.
– சபாக் பெர்ணம் வாசகர்

பதில்: முதலில் எளிதானது: பீய்ச்சும் ஓட்டையே அடைத்திருக்கலாம். எஞ்சினை நிறுத்திவிட்டு, புல்வெட்டும் மிஷினில் போடும் நைலான் இழையில் ஒரு சாண் நறுக்கி உள்ளே விட்டு ஆட்டுங்கள். கம்பி விடாதீர்கள், குழாயைக் குத்தும். அதற்கும் நூலாகவே வந்தால் எஞ்சினின் காலில் (நீரில் மூழ்கும் கீழ்ப்பாகத்தில்), கிப்பாஸுக்கு முன்னால் இருபுறமும் உள்ள சல்லடைத் துவாரங்களைப் பாருங்கள். வெளிச் சல்லடை சுத்தமாக இருந்தும் அதன் பின்புறம் சிப்பி இருக்கும். திருகைக் கழற்றி எடுத்து வினிகரில் ஊறவைத்துப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்து மாட்டுங்கள். அதுவும் சரியென்றால் பம்பின் ரப்பர் இறக்கை தேய்ந்திருக்கிறது, மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான்.

தடுக்கும் வழி: ஒவ்வொரு பயணத்துக்கும் பின் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓடவிட்டு, எஞ்சினை நேராக நிறுத்தி உள்ளே நிற்பதை வடியவிடுங்கள். ஜெட்டியில் கட்டி வைக்கும்போது மட்டும் எஞ்சின் காலை முழுதாகத் தூக்கி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிப்பாஸைக் கழற்றித் தண்டைச் சுற்றித் தூண்டில் நரம்பு சிக்கியிருக்கிறதா பாருங்கள். அது எண்ணெயைக் காக்கும் ரப்பர் சீலை அறுத்துவிட்டால் கியர் எண்ணெய் பாலூற்றிய தேநீர் நிறத்துக்கு மாறும்.

கேள்வி: எஞ்சின் காலுக்கும் அதே சிவப்பு அடிப்பெயின்டை அடிக்கலாமா?

பதில்: கூடாது. கால் அலுமினியம், சிவப்புப் பெயின்டில் செம்பு. உப்புத் தண்ணீரில் இரண்டும் சேர்ந்தால் அலுமினியம் கரையும், பெயின்டுக்கு அடியில் வெள்ளைப் பொடி பூத்துக் குழி விழும். அலுமினியத்துக்கென்றே விற்கும் பெயின்டை, அதற்கான அடிப்பூச்சுக்கு மேல் அடியுங்கள். பின்பலகையிலும் செம்புப் பெயின்டை எஞ்சின் பிராக்கெட்டுக்கு ஒரு அங்குலம் முன்பே நிறுத்துங்கள். அனோடில் எந்தப் பெயின்டும் படக்கூடாது. அதன் வேலையே கரைவது, பாதி கரைந்ததும் மாற்றுங்கள். நம்மைப் போல உப்பும் நல்ல தண்ணீரும் கலக்கும் இடத்தில் துத்தநாக அனோடை விட அலுமினிய அனோட் பொருத்தம்.

கேள்வி: படகை மேலாற்றில் நல்ல தண்ணீரில் ஒரு வாரம் கட்டிப்போட்டால் தெரித்திப் செத்துவிடுமாமே?

பதில்: சாகும், விழாது. வாயை இறுக்க மூடிக்கொண்டு சில நாள் தாங்கும், பிறகு சாகும். செத்த கூட்டையும் நீங்கள்தான் சுரண்ட வேண்டும். இளம் சிப்பிக்கு மட்டும் பயனுண்டு.

கேள்வி: மீன் காட்டும் கருவியின் சென்சார் முகத்தில் பாசி. படம் சரியாக வரவில்லை.

பதில்: ஈரத் துணி, பாத்திரம் கழுவும் சோப்பு, விரல். சுரண்டி, தின்னர், ஆசிட் எதுவும் அதைத் தொடக்கூடாது.

கேள்வி: நீர்க்கோட்டுக்கு மேல் மீசை வைத்தது போல் மஞ்சள் கறை. சோப்புக்குப் போகவில்லை.

பதில்: நம் ஆறுகள் சதுப்புக் காட்டு வழியாகத் தேயிலைச் சாயம் போல வருகின்றன. அந்தச் சாயம் சோப்புக்குப் போகாது. ஆக்ஸாலிக் ஆசிட் தூள் 50 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு பஞ்சால் தடவி, பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். தேய்க்கவே வேண்டாம், மஞ்சள் தானாக வெளுக்கும். அந்தத் தூள் விஷம். பார்வைக்குச் சீனி போலிருக்கும், ஆகவே சமையல் டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். கழுவியபின் மெழுகு தேய்த்தால் அடுத்த கறை ஒட்டத் தாமதமாகும்.

கேள்வி: பழைய பெயின்டைக் காய்ந்த நிலையில் மிஷின் போட்டுத் தேய்க்கிறேன். சிவப்புத் தூள் எங்கும் பறக்கிறது. ஆபத்தா?

பதில்: ஆம். அது நச்சுத் தூள். படகு பழையதாக இருந்தால் அடியில் வெள்ளீயம் (டின்) கலந்த பழைய ரகப் பெயின்டும் இருக்கலாம். கடல் உயிர்களைக் கெடுத்ததால் உலகளவில் 2008இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில் தடை செய்யப்பட்டது அது. மிஷினை நிறுத்துங்கள். தண்ணீர் தாங்கும் 80ஆம் எண் மணல் தாளை நனைத்து நனைத்துக் கையால் தேயுங்கள். கீழே கென்வஸ் விரித்து, விழும் குழம்பைச் சேர்த்துக் காயவைத்து மூட்டையாக்கிப் படகுப் பட்டறையின் பெயின்ட் கழிவோடு கொடுத்துவிடுங்கள். ஆற்றில் தள்ளிவிட்டால் அதே ஆற்றில் பிடித்த நண்டுதானே வீட்டுக்கு வருகிறது.

கேள்வி: சுரண்டும்போது சிப்பி கையைக் கிழித்துவிட்டது. மஞ்சள் பூசினேன். கணவருக்கும் சர்க்கரை உண்டு, அவரும் இந்த வேலை செய்கிறார்.

பதில்: மஞ்சளை விடுங்கள் அம்மா. உடனே சோப்பு போட்டு ஓடும் நல்ல தண்ணீரில் கழுவி, உள்ளே ஓட்டுத்துணுக்கு இருந்தால் எடுத்துவிடுங்கள். கழிமுகத் தண்ணீரில் விப்ரியோ என்ற கிருமி இருக்கும், வெட்டு வழியாகப் புகுந்தால் சில மணி நேரத்திலேயே பரவும். சர்க்கரைக்காரருக்கும் ஈரல் நோயாளிக்கும் அது உயிர்ப் பிரச்சினை. வெட்டைச் சுற்றிச் சிவந்து வீங்கினாலோ, நீர்க்கொப்புளம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய், "ஆற்றுத் தண்ணீரில் சிப்பி வெட்டியது" என்று சொல்லுங்கள். டெட்டனஸ் (ஜன்னி) ஊசி கடைசியாகப் போட்டது எப்போது என்பதையும் சொல்லுங்கள். உங்கள் கணவருக்குச் சுரண்டும் வேலை வேண்டாம், கரையில் நின்று கயிறு பிடிக்கட்டும். மற்றவர்களுக்கு முழங்கை வரை ரப்பர் கையுறை, அதன்மேல் குலை தூக்கும் தோல் கையுறை. ரப்பரை மட்டும் போட்டால் முதல் சிப்பியே கிழித்துவிடும்.